நானூறு பேருக்கு எத்தனை போத்தல்?

கோடை நெருங்கினால் எனக்கு வரும் கடிதங்களில் பாதி கலியாணக் கடிதம்தான். சேலை, மேளம், மண்டபம் எல்லாம் கேட்டு முடித்துவிட்டு, கடைசியில் தயங்கித் தயங்கி ஒரு வரி: "அக்கா, பார் விஷயம்..." இந்த முறை அந்தத் தயக்கத்தை விட்டுவிட்டு அதையே எடுத்துக்கொள்ளுகிறேன். லண்டனில் ஒரு மண்டபத்தில் பதினான்கு வருடம் பார் பார்த்தவள் என்பதால் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன். இங்கே எழுதும் சட்டமெல்லாம் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும். ஸ்கொட்லாந்தில் நடைமுறை வேறு.

அக்கா, ஆகஸ்ட்டில் மகளுக்கு ரிசெப்ஷன். நானூறு பேர். பள்ளிக்கூட மண்டபம் ஒன்றை வெறும் மண்டபமாக எடுத்திருக்கிறோம், குடிவகை எல்லாம் நாங்களே கொண்டுபோக வேண்டும். என் கணவர் "ஆளுக்கு அரைப் போத்தல் போடு" என்கிறார். மகன் எங்கேயோ பார்த்த கணக்கைக் காட்டி இரண்டாயிரம் ட்ரிங்க்ஸ் வேண்டும் என்கிறான். எதை வாங்குவது, எவ்வளவு?
— மணமகளின் அம்மா, ஹரோ

உங்கள் கணவர் சொல்லும்படி வாங்கினால் 200 போத்தல் வரும் தங்கச்சி, அடுத்த பிள்ளையின் கலியாணத்துக்கும் அதுவே போதும். மகன் காட்டியது பிழையான கணக்கு இல்லை, ஆனால் வந்த எல்லோரும் ஒரு கிளாஸாவது எடுக்கும் கூட்டத்துக்குப் போட்டது அது. நம்முடைய கூட்டத்தில் ஒரு மேசையில் நான்கு பேர் விஸ்கியில் இருப்பார்கள், பக்கத்து மேசையில் பத்துப் பேரும் கோக்கை வைத்துக்கொண்டு பாரைத் திரும்பியும் பார்க்க மாட்டார்கள்.

ஆகவே அழைப்புப் பட்டியலை எடுங்கள். நீங்களும் கணவரும் மட்டும் இருந்தால் சரிவராது, இரண்டு பக்கத்திலும் ஊர் விஷயம் தெரிந்த ஒரு மச்சானையும் கூப்பிட்டு, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு குறி போடுங்கள்: குடிக்க மாட்டார், ஒன்றிரண்டு எடுப்பார், நன்றாக எடுப்பார். ஒரு மணித்தியாலத்தில் முடிந்துவிடும், சிரிப்பும் வரும். மாப்பிள்ளை வீட்டில் "எல்லோரும் குடிப்பார்கள்" என்று யாராவது சொன்னால் அதையும் பெயர் பெயராகக் கேளுங்கள், அந்த எல்லோரும் அநேகமாக ஆறு பேராக இருப்பார்கள்.

ஒரு பேச்சுக்கு உங்கள் நானூறில் 70 பேர் பிள்ளைகள், மிச்சம் 330, அதில் குடிப்பவர்கள் 140 என்று வைப்போம். நான்கு மணித்தியாலம் பார் திறந்திருந்தால் முதல் மணித்தியாலம் இரண்டு, பிறகு மணித்தியாலத்துக்கு ஒன்று, ஆளுக்கு ஐந்து. மொத்தம் 700. அதில் 280 விஸ்கி, பிரண்டி, வொட்கா வகையறா என்று வையுங்கள். இங்கே மண்டபங்களில் விற்கும்போது ஒரு சிங்கிள் விஸ்கி என்பது 25 அல்லது 35 மில்லி, சட்டமே அப்படி, ஆனால் சும்மா கொடுக்கும் இடத்தில் நம்முடைய ஆட்களுக்கு 25 மில்லி ஊற்றினால் கிளாஸைத் தூக்கி வெளிச்சத்தில் பார்ப்பார்கள். அதனால் 50 மில்லி என்றே கணக்குப் போடுங்கள், 70 சென்டிலிட்டர் போத்தலில் 14 வரும், 20 போத்தல் போதும். பியர் 245, அதாவது 24 அடங்கிய பெட்டி 11. வைன் 175 கிளாஸ், போத்தலுக்கு ஆறு என்றால் 30 போத்தல். ஆகஸ்ட் என்பதால் சிவப்பைக் குறைத்து வெள்ளையைக் கூட்டுங்கள்.

ஷாம்பெயின் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் யாராவது கேட்பார்கள். 330 பேருக்கும் கிளாஸ் நிறைய ஊற்றினால் 55 போத்தல் வேண்டும், அதில் முக்கால்வாசி பேச்சுகள் முடிந்தபிறகு மேசையிலேயே நிற்கும். அந்த மாதிரிக் கிளாஸ்களைக் கழுவி அடுக்கியவள் நான், எனக்குத் தெரியும். குடிப்பவர்களுக்கு மட்டும், அதுவும் அரைக் கிளாஸ், புரொசெக்கோ என்ற நுரை வைன் போதும்.

இப்போது நான் உண்மையில் சொல்ல விரும்புவது. விஸ்கி எது என்பதில் உங்கள் வீட்டில் மூன்று கூட்டம் நடந்திருக்கும். மற்ற 260 பேருக்கு என்ன கொடுப்பது என்று யாராவது வாய் திறந்தார்களா? நான் பார்த்த அத்தனை ரிசெப்ஷனிலும் அது கடைசி நாள் பின்னேரம் வாங்கிப் போட்ட இரண்டு லிட்டர் கோக், ஃபான்டா, மேசையில் வைத்து அரை மணித்தியாலத்தில் காற்றுப் போய் இளஞ்சூட்டில் நிற்கும் கோக். கலியாணத்துக்கு வந்தவர்களில் பெரும்பான்மைக்கு அதுதான் கிடைக்கிறது. உங்கள் கணக்கை அங்கேயிருந்து தொடங்குங்கள்: 260 பேர், ஆளுக்கு நான்கு கிளாஸ், கிளாஸ் 200 மில்லி என்றாலே 208 லிட்டர். விஸ்கிக்குக் கலக்கும் சோடா, கோக் சேர்த்தால் 250 லிட்டர், தண்ணீர் அதற்கு வேறாக. பெரிய போத்தலை மேசைக்கு அனுப்பாதீர்கள், ரின்னாக வாங்குங்கள், அல்லது பாரிலிருந்தே குளிராக ஊற்றிக் கொடுங்கள். இன்னும் கொஞ்சம் மனசு வைத்தால் என்ன செய்யலாம் என்று கீழே குரோய்டன் ஐயாவுக்கு எழுதியிருக்கிறேன், அதையும் வாசியுங்கள்.

ஐஸ். தங்கை மகளின் ரிசெப்ஷனில் எல்லாம் இருந்தது, எட்டு மணிக்கு ஐஸ் முடிந்தது. என் மனுஷன் பட்டு வேட்டியோடு மூன்று சூப்பர்மார்க்கெட் ஏறி இறங்கிப் பதினொரு பை கொண்டுவந்தார், அவ்வளவுதான் அவர்களிடம் இருந்தது, அதுவும் அரை மணித்தியாலத்தில் முடிந்தது. ஆளுக்கு அரைக் கிலோ என்று நானூறு பேருக்கு 200 கிலோ. கடையில் பை பையாகத் தூக்கும் விஷயம் இல்லை இது, ஐஸ் விற்கும் நிறுவனத்தில் முன்கூட்டியே சொல்லிப் பின்னேரம் நான்கு மணிக்கு மண்டபத்தில் இறக்கச் சொல்லுங்கள். வெறும் ஐஸுக்குள் போத்தலை நட்டு வைக்க வேண்டாம், ஐஸும் தண்ணீரும் சேர்ந்த பெரிய தொட்டி, தண்ணீர் போத்தலைச் சுற்றி இடைவெளியில்லாமல் தொடுவதால் பாதி நேரத்தில் குளிர்ந்துவிடும். குடிக்கும் ஐஸும் குளிர்விக்கும் ஐஸும் வேறு வேறு பாத்திரம். இதைச் சொல்லாமல் விட்டால் யாராவது ஒரு சித்தப்பா தொட்டிக்குள் கிளாஸை விட்டு அள்ளுவார்.

மேசைக்கு ஒரு விஸ்கிப் போத்தல் வைக்கும் பழக்கம் நம்மவர்களிடம் இருக்கிறது, பார்க்கக் கம்பீரமாகத்தான் இருக்கும். வேண்டாம். குடிக்காத மேசையின் போத்தல் பத்து நிமிடத்தில் குடிக்கும் மேசைக்குப் போகும், அங்கேயிருந்து யாருடையோ கார் டிக்கிக்குப் போகும், உங்கள் 20 போத்தல் கணக்கு 40 ஆகும். பாரில் வைத்து ஊற்றுங்கள். 140 குடிப்பவர்களுக்கு மூன்று ஊற்றுகிறவர்கள், முடிந்தால் மண்டபத்தின் இரண்டு மூலைகளில். ஊற்றுகிறவர்கள் சொந்தக்காரராக இருக்கக் கூடாது. மாமாவுக்கு "போதும் மாமா" என்று சொல்ல மருமகனுக்கு வாய் வராது, சம்பளத்துக்கு வந்த பெட்டைக்கு வரும்.

அப்புறம் சட்டம். இந்த நாட்டில் அனுமதி வேண்டியது மது விற்பதற்கு. உங்கள் விருந்தினருக்கு நீங்கள் சும்மா கொடுப்பதற்கு அனுமதி தேவையில்லை. ஆனால் பள்ளிக்கூடத்தோடு கையெழுத்துப் போட்ட வாடகை ஒப்பந்தத்தை எடுத்து வாசியுங்கள், மதுவே கூடாது என்றோ, பதினொரு மணிக்கு நிறுத்த வேண்டும் என்றோ அதில் எழுதியிருக்கலாம். அது சட்டத்தைவிடக் கடுமையாக இருந்தால் ஒப்பந்தம்தான் உங்களைக் கட்டும், வைப்புப்பணம் அவர்களிடம்தானே இருக்கிறது.

வணக்கம் அக்கா. அண்ணாவின் ரிசெப்ஷனுக்கு 620 பேர், சமூக மண்டபம். எல்லோருக்கும் சும்மா குடிக்கக் கொடுக்கக் கட்டாது, காசுக்கு விற்கும் பார் போடலாம் என்று நினைக்கிறோம். ஒரு சின்ன நோட்டீஸ் எடுத்தால் போதும் என்கிறார்கள். சரியா?
— மாப்பிள்ளையின் தம்பி, ஈஸ்ட் ஹாம்

அந்தச் சின்ன நோட்டீஸுக்குப் பெயர் டெம்பரரி ஈவன்ட் நோட்டீஸ். கவுன்சிலுக்குக் கொடுக்க வேண்டும், கட்டணம் 21 பவுண், குறைந்தது 10 வேலை நாள் முன்னதாக. கொடுக்கும் நாளும் விழா நாளும் அந்தப் பத்தில் சேராது, சனி ஞாயிறும் சேராது, ஆகவே மூன்று வாரம் என்றே மனதில் வையுங்கள். பிந்திவிட்டால் 5 முதல் 9 வேலை நாளுக்குள் கொடுக்க ஒரு வழி இருக்கிறது, ஆனால் அதற்குப் பொலிஸோ சுற்றாடல் சுகாதாரப் பிரிவோ ஆட்சேபித்தால் அத்தோடு முடிந்தது, வாதாட இடமில்லை.

உங்களுக்குச் சிக்கல் அது இல்லை தம்பி. அந்த நோட்டீஸில் ஒரே நேரத்தில் உள்ளே இருக்கக்கூடியவர்கள் 499 பேர். விருந்தினர் மட்டும் இல்லை, சமைப்பவர், படம் எடுப்பவர், மேளகாரர், டீஜே, பாரில் நிற்பவர் எல்லோரும் சேர்த்து. 620க்கு அது பொருந்தாது. இந்தச் சட்டத்தை எழுதியவர்கள் தமிழ்க் கலியாணம் ஒன்றையும் பார்த்திருக்க மாட்டார்கள்! மண்டபத்துக்கே நிரந்தர அனுமதிப்பத்திரம் இருந்தால் பிரச்சினை இல்லை, அவர்களே பாரை நடத்துவார்கள், முதலில் அதைக் கேளுங்கள். சரி, "விற்கவில்லை, நன்கொடைப் பெட்டி மட்டும் வைக்கிறோம்" என்று யாராவது மூளைசாலி சொல்லுவார். காசு கொடுத்தால்தான் கிளாஸ் என்றால் பெட்டிக்கு என்ன பெயர் வைத்தாலும் அது விற்பனைதான்.

இனி என் சொந்த அபிப்பிராயம், விரும்பினால் எடுங்கள். வந்தவர்கள் கையில் என்வலப்போடு வருகிறார்கள். பேர்மிங்காமிலிருந்து இரண்டரை மணித்தியாலம் கார் ஓடி வந்து, மொய்யையும் கொடுத்துவிட்டு, ஒரு பியருக்குக் காட் தட்டச் சொன்னால் முகம் சுருங்கத்தான் செய்யும், அதைப் பத்து வருடத்துக்குச் சொல்லிக் காட்டுவார்கள். காசு குறைவு என்றால் வகையைக் குறையுங்கள். பியரும் வைனும் மட்டும், ஆறரை முதல் ஒன்பது வரை, எல்லோருக்கும் சும்மா. விஸ்கி இல்லையா என்று கேட்பவருக்கு இல்லை என்று சொல்லுங்கள். இல்லாத ஒன்றை யாரும் கோபத்தோடு நினைவு வைப்பதில்லை, விலை போட்டு வைத்ததைத்தான் நினைவு வைப்பார்கள்.

மண்டபக்காரர் "அன்லிமிட்டட் பார்" தலைக்கு 25 பவுண் என்கிறார். நாங்களே கொண்டுவந்தால் போத்தலுக்குக் கோர்க்கேஜ் என்று தனியாகக் கேட்கிறார். 350 பெரியவர்கள். எது லாபம்?
— வற்ஃபோர்ட் வாசகி

350ஐ 25 ஆல் பெருக்கினால் 8,750 பவுண். உங்கள் பட்டியலில் குடிப்பவர்கள் 140 பேர் என்றால் உண்மையில் குடிக்கிற ஒருவருக்கு நீங்கள் கொடுப்பது 62 பவுண் 50 பென்ஸ். ஒருவர் நான்கு மணித்தியாலத்தில் அவ்வளவுக்குக் குடித்தால் நீங்கள் பார்க்க வேண்டியது பாரை இல்லை, அம்புலன்ஸை. பூவும் பொட்டுமாக மோர் குடித்துக்கொண்டிருக்கும் உங்கள் பெரியம்மாவுக்கும் அந்த 25 பவுண் போகிறது என்பதுதான் இதிலுள்ள சூட்சுமம்.

பேரம் பேசுங்கள். குடிப்பவர் எண்ணிக்கைக்கு மட்டும் பக்கேஜ், மற்றவர்களுக்கு மென்பானம் மட்டும் என்று வேறு விலை. அதற்குச் சம்மதிக்காவிட்டால், குடித்த அளவுக்கு மட்டும் பில், இத்தனை ஆயிரத்துக்கு மேல் எங்களைக் கேட்காமல் ஊற்றக் கூடாது என்று உச்சவரம்பு. கோர்க்கேஜ் என்றால் அவர்களுடைய கிளாஸ், ஐஸ், ஊற்றும் ஆட்கள் எல்லாம் அதற்குள் வருகிறதா என்று எழுத்தில் கேளுங்கள். சில இடத்தில் கோர்க்கேஜையும் வாங்கிக்கொண்டு ஐஸுக்கும் பில் போடுவார்கள். சொல்லும் விலையில் வற் வரி சேர்ந்திருக்கிறதா என்பது அடுத்தது, 20 வீதம் என்பது 8,750இல் 1,750 பவுண். பார் மூடும் நேரமும் முக்கியம். ஆறரைக்குத் திறந்து பத்துக்கு மூடுகிற பக்கேஜில், எட்டரைக்குத்தான் வந்து சேரும் நம்முடைய சனத்துக்கு ஒன்றரை மணித்தியாலம்தான் மிச்சம்.

தங்கச்சிக்கு, நான் சைவப் பழம். மகனின் கலியாணத்தில் ஒரு துளி மதுவும் கூடாது என்பது என் விருப்பம், மகனும் மருமகளும் மறுக்கவில்லை. ஆனால் மைத்துனர்கள் "கார் பார்க்கில் எப்படியும் நடக்கும், அதற்குப் பதிலாக உள்ளேயே வை" என்கிறார்கள். என்ன செய்வது?
— ஒரு தகப்பன், குரோய்டன்

ஐயா, உங்கள் வீட்டு விருந்து, உங்கள் முடிவு. அதற்கு யாரிடமும் மன்னிப்புக் கேட்கத் தேவையில்லை. மைத்துனர்கள் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது, கார் பார்க்கில் நடக்கும். டிக்கியைத் திறந்து வைத்துக்கொண்டு பிளாஸ்டிக் கப்பில் அரைவாசி விஸ்கி, தொட்டுக்கொள்ள ஒன்றும் இல்லாமல், குளிரில் அவசரம் அவசரமாக. நான் கண்டவரைக்கும் பாரில் குடித்து விழுந்தவரைவிட டிக்கியில் குடித்து விழுந்தவர்தான் அதிகம், அளந்து ஊற்ற ஆள் இல்லை, மனுசி எப்போது கூப்பிடுவாளோ என்ற பயம் வேறு. அதுக்காக நீங்கள் உள்ளே பார் வைக்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. டிக்கிக்காரர்கள் ஏன் வெளியே போகிறார்கள் என்று பாருங்கள். பாதிப் பேர் குடிக்கப் போகிறார்கள். மீதிப் பேர் உள்ளே செய்ய ஒன்றும் இல்லாததால் அவர்களோடு போகிறார்கள். அழைப்பில் ஆறு மணி, பொண்ணு மாப்பிள்ளை வருவது எட்டேகால், சாப்பாடு ஒன்பதரை, அதுவரைக்கும் காற்றுப்போன கோக்கும் ஒரு தட்டு முறுக்கும். நானும் வெளியே போவேன்.

அந்த மூன்றரை மணித்தியாலத்தை நிரப்புங்கள். பாருக்கு ஒதுக்கியிருக்கக்கூடிய காசில் பாதியையாவது இதில் போடுங்கள். மது இல்லாத பார் ஒன்று போடலாம், மேசை, விளக்கு, ஊற்றிக்கொடுக்க இரண்டு பேர், எல்லாம் அப்படியே. நன்னாரி சர்பத், சிரப் ஒரு பங்குக்குத் தண்ணீர் ஐந்து பங்கு, தேசிக்காய்ப் புளி, ஊறவைத்த கசகசா (சப்ஜா விதை). பானகம், பனங்கட்டி கிடைத்தால் பனங்கட்டியில், வேர்க்கொம்பும் ஏலக்காயும் தட்டிப் போட்டு. கோயிலில் குடித்த ஞாபகம் வந்து வயதானவர்கள் இரண்டாம் தரம் கேட்பார்கள். மோர் பச்சைமிளகாய், கறிவேப்பிலை, சின்ன வெங்காயத்தோடு. நெல்லி ரசம் சோடாவில். ஊர்ச் சோடா விற்கும் கடைகளில் நெக்டோவும் ஜிஞ்சர் பியரும் பெட்டியாக எடுக்கலாம், அந்த நெக்டோவைக் கண்டால் ஐம்பது வயதுக்காரர்கள் சின்னப் பிள்ளைகளாகிவிடுவார்கள், போனை எடுத்துப் படம் எடுப்பார்கள். பெரியவர்களுக்கு இஞ்சித் தேத்தண்ணி. இதற்கெல்லாம் உயரமான நல்ல கண்ணாடிக் கிளாஸ் வாடகைக்கு எடுங்கள், பிளாஸ்டிக் கப்பில் கொடுத்தால் எதைக் கொடுத்தாலும் மருந்து மாதிரித்தான் இருக்கும்.

இவற்றோடு ஆறு மணியிலிருந்தே சுடச்சுடச் சிற்றுண்டி. உங்கள் வீட்டில் மரக்கறி என்றால் மரக்கறி ரோல்ஸ், பற்றிஸ், கடலை வடை, தாளித்த கடலை. (மது வைக்கும் மற்றவர்களுக்கும் இதைத்தான் சொல்லுவேன்: முதல் கிளாஸுக்கு முன்னால் முதல் ரோல்ஸ். மிதிவெடி (முட்டை வைத்த ரோல்ஸ்) ஒன்று சாப்பிட்டவனும் வெறும் வயிறாக வந்தவனும் ஒரே அளவு குடித்தாலும் பத்து மணிக்கு ஒரே மாதிரி நிற்க மாட்டார்கள்.)

மது இல்லை என்பதை முன்னமே சொல்லிவிடுங்கள். அட்டையில் அச்சடிக்க வேண்டியதில்லை, அழைக்கப் போகும்போது வாயால், "எங்கடை வீட்டு வழக்கம் தெரியும்தானே" என்று சிரித்துக்கொண்டு. வெளியே போகிறவரைத் தேடிப் பிடிக்கவும் ஆள் வைக்காதீர்கள். அது அவர் கார், அவர் போத்தல். சாவி யார் கையில் என்பதை மட்டும் பாருங்கள்.

அக்கா, நாங்கள் பரிஸ் லாச்சப்பல் பக்கம். ஜூனில் சகலனின் மகளுக்கு லண்டனில் ரிசெப்ஷன். "பிரான்ஸில் வைன் மலிவு, கலேயில் அடைத்துக்கொண்டு வா" என்கிறார். எவ்வளவு கொண்டுவரலாம்?
— சகலன் சொல் தட்டாதவர்

அந்தக் காலம் முடிந்துவிட்டது. 2021 ஜனவரியிலிருந்து பிரித்தானியாவுக்குள் வரி இல்லாமல் கொண்டுவரக்கூடியது பெரியவர் ஒருவருக்கு 18 லிட்டர் சாதாரண வைன், அதாவது 24 போத்தல், 42 லிட்டர் பியர், அதோடு 4 லிட்டர் விஸ்கி வகையறா. விஸ்கி வேண்டாம் என்றால் அதற்குப் பதில் 9 லிட்டர் ஷாம்பெயின் வகை, இரண்டையும் பாதி பாதியாகவும் எடுக்கலாம். ஒரு வகையில் அளவு கூடினால் கூடின அளவுக்கு மட்டும் வரி இல்லை, அந்த வகை முழுவதற்கும் வரி, இது பலருக்குத் தெரியாது. அளவு அவரவர் சொந்தப் பாவிப்புக்கும் அன்பளிப்புக்கும்தான், சகலனிடம் பிறகு காசு வாங்கினால் அது அன்பளிப்பு இல்லை. நான்கு பெரியவர் வந்தால் 96 போத்தல் வைன் வருகிறதே என்று கணக்குப் போடுவீர்கள், போத்தலோடு சேர்த்து நூறு கிலோவைத் தாண்டும், நான்கு பேரும் அவர்களுடைய சூட்கேஸும் மனுசியின் சேலைப் பெட்டியும் எங்கே? சும்மா வந்து ஆடிவிட்டுப் போங்கள்.

அன்ரி, என்னுடைய வெடிங்குக்கு 16, 17 வயது கசின்ஸ் பத்துப் பேர் வருகிறார்கள். அவர்களுக்கு ஒரு கிளாஸ் வைன் கொடுத்தால் பிரச்சினையா?
— மணமகள், இல்ஃபோர்ட்

பிரச்சினைதான் பிள்ளை. அனுமதி பெற்ற இடத்தில் 16, 17 வயதுக்காரர் பெரியவர் ஒருவரோடு மேசையில் சாப்பிடும்போது மட்டும், அந்தப் பெரியவர் வாங்கிக் கொடுத்தால், பியரோ வைனோ சைடரோ குடிக்கலாம். பாரில் போய் நின்று வாங்க முடியாது, விஸ்கி வகையெல்லாம் 18க்கு முன் இல்லை. ஆனால் பத்துப் பேரில் யாருக்கு 16, யாருக்கு 15 என்று பாரில் நிற்பவருக்கு எப்படித் தெரியும்? அடையாள அட்டை இல்லாமல் யாருக்கும் இல்லை என்று நீயே முதல் நாள் சொல்லிவிடு, அவரைக் கெட்டவராக்காதே.

என் கணவரின் நண்பர்கள் லெஸ்டரிலிருந்து காரில் வருகிறார்கள், "ஆறு மணிக்கு இரண்டு அடித்துவிட்டு நிறுத்தினால் பன்னிரண்டுக்கு ஓடலாம்" என்கிறார்கள். சிக்னேச்சர் ட்ரிங்க் ஒன்றும் வைக்க ஆசை, தென்னஞ்சாராயத்தில். மிஞ்சும் போத்தலைத் திருப்பிக் கொடுக்க முடியுமா?
— மூன்று கேள்விக்காரி, பின்னர்

ஒன்றொன்றாக வருவோம். உடம்பு மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ ஒரு யூனிட் வீதம்தான் கழிக்கும், கோப்பி குடித்தாலும் முகம் கழுவினாலும் ஆடினாலும் அதேதான். 40 வீத விஸ்கி 25 மில்லி ஒரு யூனிட். நம்முடைய ஆட்கள் சொல்லும் "இரண்டு" என்பது கையால் ஊற்றிய இரண்டு, அது ஐந்து ஆறு யூனிட்டுக்குக் குறையாது, அதன்பிறகு பேச்சு நேரத்தில் ஒரு புரொசெக்கோவும் யாருக்காகவோ ஒரு பியரும். இங்கே சட்ட எல்லை 100 மில்லி இரத்தத்தில் 80 மில்லிகிராம், ஸ்கொட்லாந்தில் 2014 டிசம்பரிலிருந்தே 50 தான், கிளாஸ்கோவுக்குக் கலியாணத்துக்குப் போகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். ஐந்து பேர் என்றால் ஒரு மினிபஸ்ஸைச் சாரதியோடு பிடித்துப் பங்கு போடச் சொல்லுங்கள். அல்லது அன்றைக்கு ஓடுகிறவர் யார் என்று முதலிலேயே கேட்டு அவருக்கு நல்ல இடம், நல்ல சாப்பாடு, நெக்டோ.

சாராயம் நல்ல யோசனை. தென்னம்பூவில் இறக்கிய கள்ளை வடித்து எடுப்பது, ரம்மும் இல்லை விஸ்கியும் இல்லை, இங்கே வளர்ந்த பிள்ளைகளுக்குப் புதிதாக இருக்கும், அப்பாமார் கண்ணை மூடிக்கொண்டு மணப்பார்கள். ஒரு போத்தலுக்கு இரண்டு லிட்டர் ஊர் ஜிஞ்சர் பியர், மூன்று தேசிக்காய், 14 கிளாஸ் வரும். முன்கூட்டியே அண்டாவில் கலந்து வைத்தால் காற்றுப் போய்விடும். சாராயத்தையும் தேசிக்காய்ப் புளியையும் மட்டும் கலந்து குளிரில் வையுங்கள், ஜிஞ்சர் பியரைக் கிளாஸில் ஊற்றும்போது சேருங்கள். சாராயம் இல்லாமல் அதே கிளாஸில் அதே நிறத்தில் இன்னொன்றும் வையுங்கள், யார் எதைக் குடிக்கிறார் என்று யாரும் எட்டிப் பார்க்க முடியாது. குடிக்க விருப்பமுள்ள மருமகள்மாரும் குடிக்க விருப்பமில்லாத மருமகன்மாரும் உங்களுக்கு மனதுக்குள் நன்றி சொல்லுவார்கள்.

மூன்றாவது, முடியும். மீதியைத் திரும்ப எடுக்கும் கடைகள் பெரிய வைன் கடைகளில் இருக்கின்றன, வாங்கும்போதே கேட்டு, அளவு, நாள் எல்லாம் ரசீதில் எழுதச் சொல்லுங்கள். முழுப் பெட்டியாக இருந்தால்தான் எடுப்பவர்களும் உண்டு. ஐஸ் தொட்டியில் ஊறி லேபிள் உரிந்த போத்தலை ஒருவரும் எடுக்க மாட்டார்கள், ஆகவே பாதியை மட்டும் தொட்டியில் போட்டு, மற்றதைப் பெட்டியைப் பிரிக்காமல் வைத்து, ஒன்பது மணிக்குப் பார்த்து எடுங்கள். ரசீதை ஒரு பொறுப்பான ஆளிடம் கொடுங்கள். போன வருடம் ஒரு வீட்டில் அதை மாப்பிள்ளையின் கோட்டுப் பையில் வைத்தார்கள், கோட் வாடகைக் கோட், திங்கட்கிழமை காலையில் ரசீதோடு சேர்ந்து கடைக்குத் திரும்பிப் போய்விட்டது.